மூன்று நிமிடச் சுருள்

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து அணியைப் படம் பிடிக்க மாமாவை யாரும் கூப்பிடவில்லை. அவராகவேதான் வந்தார். என் அம்மாவுக்குத் தம்பி. சிங்கப்பூரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, சினிமா எடுக்கும் சின்னக் கேமரா ஒன்று கொண்டுவந்திருந்தார். ஒரு சுருள் மூன்று நிமிடம் ஓடும். அவரிடம் இரண்டு சுருள்தான் இருந்தன. ஒன்றை எங்கள் வீட்டு மாடு அசைபோடுவதைப் பிடித்தே தீர்த்துவிட்டார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, போட்டோவில் மாட்டின் வாய் அசையாது என்றார்.

அண்ணனுக்கு அது பள்ளி இறுதி வருடம். அணியில் கோல் அடிப்பவன் அவன்தான். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர், பையன் ஆடுவதைப் பார்த்துப் பிடித்திருந்தால் படிப்புச் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொள்வதாக எங்கள் டிரில் வாத்தியாரிடம் சொல்லியிருந்தார். ஆனால் அவருக்கு எங்கள் ஊர் வரை வர நேரம் இல்லை.

“அவரு எதுக்கு வரணும்? ஆட்டத்தையே டப்பாவுல போட்டு அவருகிட்ட கொண்டுபோறேன்” என்றார் மாமா. அண்ணனும் நம்பினான்.

அன்று முதல் அணிக்கு நிம்மதி போயிற்று. சுருள் போடாத கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பயிற்சியின் நடுவில் மாமா ஓடுவார். அண்ணன் பந்தோடு பாய்ந்து வரும்போது கையைக் காட்டி நிறுத்துவார்.

“மாப்ளே, மூஞ்சியில வெயில் விழல. கிழக்கால பாத்து அடி.”

“கோல் மேக்கால இருக்கு மாமா.”

“கம்பத்த மாத்தி நட முடியாதா?”

கோல் கம்பங்களுக்கிடையே நின்ற பையன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஆடும் ஆட்டத்தைப் படம் பிடிப்பது என்று முடிவாயிற்று. விளம்பரமும் தன் பொறுப்பு என்று பட்டுக்கோட்டைக்குப் போய் ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் அடித்து வந்தார். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று பெரிய மனிதர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசி வரியில், ‘விளையாடுவோர்: நம் பள்ளி மாணவர்கள் மற்றும் பலர்.’ ஆட்டம் எத்தனை மணிக்கு என்பது எங்கும் இல்லை. கேட்டால், இடம் போதவில்லை என்றார். பிறகு வாடகைச் சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டி, இரண்டு நாள் தெருத்தெருவாக மணியை மட்டும் சொல்லிக்கொண்டு போனார். எந்தத் தேதி என்பதை அதில் விட்டுவிட்டார்.

ஆட்டம் நடக்கவிருந்த திடல் மிராசுதாருடையது. வாய்க்காலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் போல, மேட்டுநிலம். அந்த வருடம்தான் அவர் அதைச் சமப்படுத்தி, மூங்கில் கம்பம் நட்டு, பள்ளிப் பிள்ளைகள் ஆடிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார். ஊரில் அப்போது எங்கும் நிலப் பேச்சுதான். ஒரு ஆள் இவ்வளவுக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. மிச்சத்தை எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி அப்பாவும் எங்கள் தெருக்காரர்களும் மனுப் போட்டிருந்தார்கள். கூலி விஷயத்தில் மிராசுதாரோடு ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் பெரியவர்களின் சண்டை. திடல் எங்களுக்குக் கிடைத்ததுதான் பெரிது.

அப்பா ஒரே ஒரு முறை கேட்டார். “அந்தத் திடல்ல வச்சுதான் எடுக்கணுமா மாப்ளே?”

“வேற திடல் ஏது மச்சான்?” என்றார் மாமா. அதோடு பேச்சு நின்றது.

ஆட்டத்தன்று தேதி தெரிந்தவர்களும் மணி தெரிந்தவர்களும் எப்படியோ வந்து சேர்ந்தார்கள். மிராசுதார் தாசில்தாரோடு காரில் வந்து இறங்கினார். மாமாவின் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

“தம்பி, சுருளக் கழுவுற செலவு என்னோடது. படம் காட்டுற மிஷினும் நானே வரவழைக்கிறேன். திடல மட்டும் நாலு பக்கமும் நிதானமா ஒரு சுத்து காட்டிரு. கோல் கம்பம், புள்ளைங்க, தாசில்தார், எல்லாம் விழணும்.”

தோளில் விழுந்த அந்தக் கையிலேயே மாமா கரைந்துவிட்டார். கார்க் கதவு திறப்பதைப் பிடித்தார். பொன்னாடைகளைப் பிடித்தார். ஒரு துண்டு கழுத்தில் சரியாக விழவில்லை என்று அதை எடுத்து மறுபடி போடச் சொல்லிப் பிடித்தார். பிறகு நான்கு எல்லையையும் சுற்றிவந்தார். ஆட்டம் முடியும் நேரத்தில் அண்ணன் மூன்று பேரைத் தாண்டி அடித்த கோலை ஊரே பார்த்தது.

சுருள் சென்னைக்குப் போய்க் கழுவி வந்தது. அரிசி ஆலைக் கிடங்கில் கதவுகளைச் சாத்தி, வேட்டியைத் திரையாகக் கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காட்டினார்கள். தவிட்டு வாசனையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தோம். கார் வந்தது. துண்டு இரண்டு முறை விழுந்தது. வாய்க்கால் வந்தது, புளியமரம் வந்தது, ரோடு வந்தது, வரப்பு வந்தது. கடைசியில் அண்ணன் வந்தான். பந்தை நிறுத்தி வலது காலைத் தூக்கினான். வேட்டி வெள்ளையாகிவிட்டது.

“கால் தெளிவா விழுந்திருக்கு பாரு மாப்ளே” என்றார் மாமா. அண்ணன் அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான்.

சுருளை மிராசுதாரே வைத்துக்கொண்டார். மாமா நான்கு முறை கேட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் காபி மட்டும் கிடைத்தது. கல்லூரி திறந்தபோது அண்ணன் நடவு வயலில் இருந்தான். நிலம் பற்றிய விசாரணையில், அது பள்ளிக்கூட மைதானம், பாருங்கள் என்று அந்தப் படம் காட்டப்பட்டதும், திடல் மிச்ச நிலக் கணக்கில் சேராமல் தப்பியதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. மனுவில் எங்கள் தெரு கேட்டிருந்தது அந்த ஆறு மாவைத்தான். இரண்டு வருடம் கழித்துக் கம்பங்களைப் பிடுங்கி, தென்னங்கன்று வைத்தார்கள். குழி வெட்டக் கூலிக்குப் போனவர்களில் அண்ணனும் ஒருவன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோபமெல்லாம் கோலைப் பற்றித்தான். படம் முடியும் முன்பே அப்பா எழுந்து வெளியே போய்விட்டிருந்தார். திரையில் அப்போது புளியமரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. படம் முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆலைச் சுவரோரம் வெயிலிலேயே நின்றிருந்தார். மாமா மேல் கோபம் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“படத்துல வரலன்னாலும் அண்ணன் கோல் அடிச்சது நெசம்பா. நான் பாத்தேன்.”

“தெரியும்டா. நானுந்தான் பாத்தேன்” என்றார். “நான் அதுக்கு வெளிய வரல.”

பிறகு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதுவரை ஓடிய படத்தை மனத்துக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். காரும் துண்டும் போக, வாய்க்காலும் புளியமரமும்தான் இருந்தன. அவற்றைப் பார்த்து ஒரு மனிதர் எழுந்து போக என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.