போர்மாவுக்கு ஓட்டுக்கூரை

சத்தியபாய் சுட்ட ரொட்டியைக் குற்றம் சொல்ல நாகர்கோவிலில் ஒரு நாக்கு பிறக்கவில்லை. மிஷன் பங்களா சமையற்கட்டில் படிந்த கை அது. தன் ஓலைவீட்டின் பின்கட்டில் போர்மா கட்டியிருந்தாள். அந்த ரொட்டியடுப்பில் தினமும் இரண்டு ஈடு இறங்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதே அதனால்தான்.

1952 வைகாசியில் நகரசபைச் சுகாதார இன்ஸ்பெக்டர் தாணுமாலயன் வந்தார். மாவு சுத்தம், கை சுத்தம், எல்லாம் சரி என்றவருக்கு மேலே பார்த்ததும் முகம் மாறியது. ஓலைக்கூரைக்குக் கீழே போர்மா வைத்து வியாபாரம் நடத்தச் சட்டத்தில் இடமில்லையாம். ஒரு மாதத்துக்குள் ஓடு போட்டால் லைசென்ஸ், இல்லாவிட்டால் போர்மாவை இடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். போகிற போக்கில் ஒரு பன்னையும் தின்றுவிட்டுத்தான் போனார், அது வேறு விஷயம்.

ஓடு இல்லாமலா? இருந்தது. அச்சகத்தில் வேலை பார்த்த அவள் கணவன் ஆபேல், முன்னறைக்குப் போடவென்று மூன்று வருஷமாகச் சேர்த்துச் சுவரோரம் அடுக்கிய ஓடு. அதை யாராவது தொட்டால் அவனுக்கு உயிர் போகும். சத்தியபாய் தொட்டாள்.

"மனுஷன் நனஞ்சா தொடச்சுக்கிடலாம். போர்மா போச்சுன்னா என்னத்தத் தின்னுவோம்?" என்றாள்.

போர்மாவுக்கு மேலே ஓடு ஏறிய பிறகும் ஆபேல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அலைந்தான். ரொட்டிக்கு மாளிகை, புருஷனுக்குக் குடிசையா என்று சர்ச் சபையில் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! வாங்கித் தின்றவர்களும் அவர்கள்தானே?

கெடு முடியும் நாளில் இன்ஸ்பெக்டர் மழையோடு வந்தார். முன்னறை மூன்று இடத்தில் ஒழுகியது, கீழே சட்டி வைத்திருந்தார்கள். பின்கட்டில் ஒரு சொட்டு இல்லை. அவர் அண்ணாந்து பார்த்தார். முக்காலியை இழுத்துப்போட்டு லைசென்ஸ் பாரத்தை எடுத்தார். தொழில் நடத்துபவர் பெயர் என்ற இடத்தில், யாரையும் கேட்காமல், ஆபேல் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதப் பேனாவை வைத்தார். சத்தியபாய்க்குச் சுருக்கென்றது. ஆனாலும் லைசென்ஸ் கிடைத்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அதுவரை முறுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்ற ஆபேல் முன்னால் வந்தான்.

"சாரே, சத்தியபாய்ன்னு எழுதுங்க. தொழில் அவளுக்குள்ளது. நான் இங்க குடியிருக்கேன், அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிப் பாரத்தைக் கையெழுத்துக்கு அவளிடம் நீட்டினார். சத்தியபாய்க்குப் பெருமை தாங்கவில்லை. கையில் ஒட்டிய மாவைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் போட்டாள்.