அறுபது நாற்காலிகளுக்கு ரிப்பன்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் நான் உதவியாளர். பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போவது, சாப்பிட வைப்பது, யாரும் வெளியே ஓடிவிடாமல் பார்ப்பது, இதுதான் என் வேலை. மொத்தம் ஏழு பிள்ளைகள். அதில் ஒரு பெண் குழந்தைக்குப் பேச்சு வராது. தண்ணீரைக் கண்டால் போதும், கையை உதறிக்கொண்டு ஓடிவிடுவாள்.

எனக்கு மேலே இருந்த பொறுப்பாசிரியை என்னைவிடப் பத்து வயது இளையவர். வாய் நிறைய 'அக்கா' என்பார். என்னிடம் வேலை வாங்கும்போது அந்த 'அக்கா'வுக்குரிய மரியாதையைத் தேடத்தான் வேண்டும். கூட்டம் என்றால் தேநீர் கலக்க நான், அவர் காரிலிருந்து பைகளைத் தூக்கி வர நான். எதையும் எழுத்தில் சொல்ல மாட்டார், வாட்ஸ்அப்பில்கூட ஒரு வரி இருக்காது. அது ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்று கல்வி அதிகாரிகள் வருவதாக இருந்தது. மண்டபத்தில் அறுபது நாற்காலிகளுக்கு உறை போட்டு ரிப்பன் கட்டச் சொன்னார் பொறுப்பாசிரியை. வெளியே பெருமழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

"டீச்சர், நா போய்ட்டா பிள்ளைங்கள யாரு பார்க்கிறது?" என்று கேட்டேன்.

"நா இருக்கேன் லா அக்கா. பத்து நிமிஷம்தான். சும்மா கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காதீங்க."

நாற்பது நாற்காலி கட்டியிருப்பேன். காவலாளி அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பள்ளிக்குப் பின்னால் ஒரு பெரிய லோங்காங், மழைத் தண்ணீர் முட்டிக்கொண்டு ஓடும் கால்வாய். அதன் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டிருந்தாளாம். பார்த்துக்கொள்வதாகச் சொன்ன டீச்சரோ, அலுவலகத்தில் உட்கார்ந்து நிகழ்ச்சி நிரல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

குழந்தையின் தாய் பதறிக்கொண்டு வந்தார். "உதவியாளர் கவனிக்கல. நானும் எவ்வளவோ சொல்லிட்டேன்," என்று என் கண்ணெதிரே அவரிடம் சொன்னார் டீச்சர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும் என்று கல்லாய் நின்றேன்.

மறுநாள் டீச்சர் ஒரு கடிதத்தை நீட்டினார். அனுமதியில்லாமல் வகுப்பை விட்டுப் போனதாக நானே ஒப்புக்கொள்ளும் கடிதம், மலாய் மொழியில்.

"சைன் பண்ணுங்க அக்கா, இதோட முடிஞ்சிரும்."

யாருக்கு முடியும்? அவருக்கு முடியும். அடுத்த முறை அதிகாரி வந்தால் இன்னும் அறுபது ரிப்பன் கட்டச் சொல்வார், அந்தக் குழந்தை மறுபடி லோங்காங்குக்குப் போவாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடிதத்தின் அடியில், எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில், டீச்சர் சொல்லித்தான் மண்டபத்துக்குப் போனேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரே தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் இதப் பெருசு பண்ணாதீங்க," என்று இழுப்பறைக்குள் போட்டு மூடினார். எனக்குக் கிடைத்த நியாயம் அவ்வளவுதான்.

சரி, இனி என் வழி என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் ஆசிரியர் கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். கொண்டுபோனேன், ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. ஒருவன் மேசைக்கடியில் புகுந்தான். ஒருத்தி தலைமையாசிரியரின் பிஸ்கட்டை எடுத்துத் தின்றாள். "அனுமதி இல்லாம வகுப்ப விட்டுட்டு வரக் கூடாதுல்ல சார், அதான் வகுப்பையே கூட்டிட்டு வந்துட்டேன்," என்றேன். அதற்குப் பிறகு யாரும் என்னைத் தேநீருக்குக் கூப்பிடவில்லை.

அன்று பள்ளி விட்டதும் வாசலில் அந்தத் தாயிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா," என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம். ஆனால் பேச்சே வராத ஒரு குழந்தைக்காக அந்தத் தாயின் முன்னால் பேச அன்று என்னை விட்டால் ஆளில்லை, நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று நினைக்கும்போது, அவரைவிட என் மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வருகிறது.