பெட்ரோல் படி

மீசை வேலையை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை எடுத்த ரத்தக் குப்பிகளை லேபில் எண்ணி ஒப்படைத்தார். பதினோரு வருடம் தோளில் தொங்கிய ஐஸ் பெட்டியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கூட்டுகிற அம்மா வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ஊசியக்காவை மட்டும் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்.

மீசை, ஊசியக்கா இரண்டும் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவதுதான் அவளுக்கும் வேலை. ஊரின் வடக்குப் பாதி அவளுக்கு, தெற்குப் பாதி மீசைக்கு. சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள். ஐந்து நிமிடம் பிந்தினால் ஊசியை விடக் கூராகப் பேசுவார்கள். அவள் மகளுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் இரண்டு பாதியையும் மீசையே பார்த்துக்கொண்டார்.

தினமும் அறுபது கிலோமீட்டர். லேப் கொடுத்த பெட்ரோல் படியை அவளுடைய பழைய ஸ்கூட்டர் மாதம் முடியுமுன்பே குடித்துவிடும். தம்பியின் மின்சார வண்டியை ஒரு வாரம் இரவல் வாங்கி ஓட்டினாள். தினமும் வீட்டு மீட்டரைக் குறித்து வைத்தாள். பெட்ரோல் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. படியில் மிஞ்சுவதை வைத்தே புது வண்டியின் தவணையைக் கட்டிவிடலாம் என்று துணிந்து வாங்கினாள். இரண்டு தவணை நோகாமல் போயிற்று.

"புது வண்டி எப்படிக்கா? கட்டுபடியாகுதா?" என்று மேனேஜர் ஒரு நாள் கேட்டார்.

"அதை ஏன் சார் கேக்குறீங்க! அஞ்சுல ஒரு பங்குகூட ஆகல. பங்க்ல வரிசைல நிக்கிற தொல்லையும் இல்ல."

"அடேங்கப்பா! ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நாலு பேருக்கு உபயோகப்படும்."

கோடு போட்டு, முத்து முத்தான கையெழுத்தில், ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் மின்சாரம் என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் மின்சாரச் செலவுக்கு மட்டும்தான் படி என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

மாடியேறி ஓடினாள். "சார், வண்டித் தவணையை யாரு கட்டுறது? நாளைக்கு பேட்டரி போச்சுன்னா பாதி வண்டி விலை. அதெல்லாம் சேக்க வேணாமா?"

"நீங்க எழுதலையேக்கா" என்றார் மேனேஜர், வருத்தப்படுகிறவர் போல.

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் மீசை நின்றிருந்தார். "உனக்குத் தரைத்தளத்துல வீடு, ஜன்னல் வழியா வயரை விட்டுக்குவ. நான் நாலாவது மாடி. வண்டியை இடுப்புல தூக்கிட்டுப் போய் சார்ஜ் போடவா?"

"அண்ணே, நான் வேணும்னு..."

"வேணும்னு செஞ்சிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். பெருமையடிக்கப் போய் சொன்ன பாரு, அதான் வயித்தெரிச்சல்."

இரண்டு மாதம் கைக்காசைப் போட்டு ஓட்டினார். மூன்றாம் மாதம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அவர் இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை. இரண்டு பாதியும் ஊசியக்கா தலையில் விழுந்தது. சம்பளம் அதேதான். வடக்கு முடிவதற்குள் சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். தெரிந்த நோயாளி வீட்டு வாசலில் வயரைச் செருகிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். தவணைக்கு வளையலை அடகு வைத்தாள். மீசைக்கு மன்னிப்புக் கேட்டு ஏழெட்டுச் செய்திகள் அனுப்பினாள். எல்லாவற்றையும் அவர் பார்த்திருந்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து, அப்படி ஒரு வாசலில் உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது.

"தங்கச்சி, இப்ப வேற லேப்ல இருக்கேன். இங்க சார்ஜ் போட இடம் குடுத்திருக்காங்க, அதான் நானும் மின்சார வண்டி வாங்கிட்டேன். உன் கணக்கு சரிதான். அஞ்சுல ஒரு பங்குகூட ஆகல. நேத்து இந்த லேப் மேனேஜர் வந்து எவ்வளவு ஆகுதுன்னு கேட்டாரு. பெட்ரோலே தேவலை சார்னு சொல்லிட்டேன்."