சோறு ஆறுவதற்குள்

மனைவி சோற்றை வைத்து, "ஆறட்டும், சித்த பொறுங்க" என்கிறாள். ஆவியைப் பார்த்ததும் எனக்குக் கால் பரபரக்கிறது.

எழுபதுகளில் எங்கள் வீடு கேரள எல்லையோரத்து மீனாட்சிபுரத்தில். வயல் எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில். சொந்த அரிசியானாலும் பெர்மிட் இல்லாமல் செக்போஸ்டைத் தாண்டக்கூடாது. சோற்றுக்குப் பெர்மிட் வேண்டாம். அம்மா வயல் குடிசையிலேயே சோறு பொங்கி, குண்டானின் அடியில் அரிசி, அதன்மேல் வாழையிலை, இலைமேல் கொதிக்கும் சோறு என்று அடுக்கி, என்னை இழுத்துக்கொண்டு ஓட்டமாக நடப்பாள். ஆறிவிட்டால் காவலர் கையை விட்டுத் துழாவுவார். அரிசி பறிபோகும்; அந்த வாரம் பட்டினி.

"எப்பவும் சுடச்சுடத்தான் தூக்கிட்டுப் போவீங்களா, அம்மணி?"

"எங்கூட்டுக்காரருக்கு ஆறுனா எறங்காதுங்க."

பழைய சோறு தின்னும் அப்பாவைத்தான் சொன்னாள். காவலர் விரலை விட்டார், உதறினார், வழிவிட்டார்.

பிறகு நானே அதிகாரியாகி, அதே பெர்மிட்டுகளை விதிப்படி வழங்கி ஓய்வும் பெற்றேன். ஆறிய சோறு எனக்கு இன்றும் இறங்குவதில்லை.