மூன்றாம் எண் கீல்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சார்ட்டர் தன் கார் ஷெட் கதவைப் பாதி தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவு ஓடும் இடது பக்கத் தண்டவாளத்தில் காதை வைப்பார். நான்கு இரும்புத் தகடுகளைக் கீல் போட்டு இணைத்த கதவு அது. மேலே ஏறி, வளைந்து, கூரைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இடுப்பு உயரம் வந்ததும் கரக்கென்று நின்றுவிடும். ஓர் உலுக்கு உலுக்கினால்தான் மறுபடி நகரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எதிர்வீட்டு அம்மா அடுப்பில் பாலை வைப்பார்.

"சளி கட்டியிருக்கு" என்பார் சார்ட்டர். உடனே வைத்தியம் தொடங்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடைப்பார். கதவின் ஓரத்தில் உருளும் ரோலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். மரைகளை இறுக்குவார். நூலில் ஒரு திருகாணியைக் கட்டித் தொங்கவிட்டு, தண்டவாளம் நேராக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். மேலே இருக்கும் சுருள்வில்லை மட்டும் தொடமாட்டார். "அவன் கோவக்காரன். நமக்கு அவன்கிட்ட என்ன பேச்சு?" ஒன்பது வருடமாக இதே கதைதான். கதவும் தன் பிடிவாதத்தை விட்டதில்லை.

தபால் ஆபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப்போடும் சார்ட்டர் வேலையில் இருந்தவர்; பெயரே அதுவாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் கை பிரிப்பதை நிறுத்தவில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளை அளவுவாரியாக அடுக்குவார். சட்டைப் பொத்தான்களுக்குத் தனித்தனி டப்பா. மின்கணக்கு எடுக்க வந்தவரைக்கூட நிறுத்தி வைத்து, "முப்பத்தொரு வருஷத்துல ஒரு கடுதாசி தப்பான ஊர்ப் பெட்டிக்குள்ள போனதில்ல" என்று சொல்லாமல் அனுப்பமாட்டார். உள்ளேயிருந்து மனைவி பதில் கொடுப்பார்: "கடுதாசியெல்லாம் சரியாத்தான் போச்சு. வீட்டுக்கு வரவேண்டியவன்தான் வரல."

வரவேண்டியவன் என்றால் மனைவியின் தம்பி, தச்சு வேலைக்காரர். ஒரு காலத்தில் சனிக்கிழமை என்றாலே மச்சினன் நாள். காலையிலேயே பையில் உளியும் சுத்தியலும் குலுங்க வந்துவிடுவார். ஆடுகிற நாற்காலி, ஒழுகுகிற குழாய், எது கிடைத்தாலும் இரண்டு பேரும் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நாற்காலி சரியானதோ இல்லையோ, சிரிப்புச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். பிரித்த குழாயை மாட்ட மறந்து, அரட்டையில் வீடெல்லாம் தண்ணீர் விட்ட கதையும் உண்டு. அந்த மாதிரிச் சனிக்கிழமைகள் இனி வருமா என்று சார்ட்டர் பலமுறை ஏங்கியிருக்கிறார், வெளியே சொன்னதில்லை.

இந்தக் கதவையும் இருவருமாகத்தான் மாட்டினார்கள். வலது பக்கம் மச்சினன், இடது பக்கம் இவர். கீல்களில் எண் பொறித்திருக்கும். கீழ் மூட்டுக்கு ஒன்று, நடுவுக்கு இரண்டு, மேலே மூன்று. எண் கூடக் கூடக் கீலின் உயரமும் கூடும். சரியாக மாட்டினால் கதவு ஒத்த விரலில் ஏறும் என்று மச்சினன் அடித்துச் சொல்லியிருந்தார். ஏற்றிப் பார்த்தார்கள். இடுப்பு உயரத்தில் கரக்.

"நம்பரைப் பாருங்க அத்தான்" என்றார் மச்சினன்.

நம்பர் பார்க்கச் சொல்லி யாரிடம் சொல்வது? சார்ட்டருக்குச் சுருக்கென்றது. அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள் வேறு. "மரத்தைச் செதுக்கறவன் இரும்புல கை வச்சா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். மச்சினன் ஸ்பானரைத் தரையில் வைத்தார், பையை எடுத்தார், போய்விட்டார். அக்காதான் மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். கீல்களுக்குச் சார்ட்டர் அடுத்த வாரமே சாம்பல் வண்ணம் பூசினார். எண்கள் அதற்கடியில் போயின.

போன சனிக்கிழமை இடது பக்க நடுக் கீலில் விரிசலைக் கண்டார். கடையில் எந்த நம்பர் என்று கேட்டார்கள். யோசிக்காமல் இரண்டு என்று சொல்லி வாங்கி வந்து, பழையதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பழையது அரை விரல் உயரம் கூடுதலாக இருந்தது. நகத்தால் வண்ணத்தைச் சுரண்டினார். மூன்று. மேல் மூட்டில் இருந்ததைச் சுரண்டினார். இரண்டு. வலது பக்கம் போய் மச்சினன் மாட்டிய மூன்று கீல்களையும் சுரண்டிப் பார்த்தார். அவை அதனதன் இடத்தில் இருந்தன.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. சத்தம் போடாமல் மாற்றி மாட்டிவிட்டு, எண்ணெய்தான் வேலை செய்தது என்று சொன்னால் முடிந்தது. முப்பத்தொரு வருஷப் பெருமைக்கும் பங்கம் வராது. மனைவி கொண்டுவந்து வைத்துப்போன டீ ஆறி ஆடை கட்டும் வரைக்கும் அந்த யோசனையிலேயே இருந்தார். பிறகு எழுந்துபோய் ஒரு மூன்றாம் எண் கீல் வாங்கி வந்தார். புதுக் கீல் இரண்டையும் அதனதன் இடத்தில் மாட்டினார். கதவைத் தூக்கினார். அது சொன்னபடி கேட்டது.

மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தார். "என்னங்க, சத்தத்தையே காணோம்?"

சார்ட்டர் அவர் கையிலிருந்த போனை வாங்கி எண்களை அழுத்தினார். அந்த எண் அவருக்கு மறந்திருக்கவில்லை.

"மாப்ள, நான்தான். நடுவுல மூணாம் நம்பரைப் போட்டது நான். உன் பக்கம் அன்னைக்கே சரியாத்தான் இருந்துது. நான் பேசினது தப்பு."

அந்தப் பக்கம் மரம் இழைக்கும் சத்தம் நின்றது. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மச்சினன் குரல் வந்தது.

"ஒத்த விரல்ல ஏறுதா அத்தான்?"

சார்ட்டர் கதவை முழுதாக இறக்கினார். இடது பக்கத் தண்டவாளத்தோடு போனை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கைப்பிடிக்கடியில் ஆள்காட்டி விரல் ஒன்றைக் கொடுத்துத் தூக்கினார்.