குருவிக்கு வாங்கின தினை

ஊட்டி கடைவீதியில எங்க ஊட்டுக்காரர் தானியக்கடை வெச்சிருந்தாரு. வெள்ளைக்காரங்க காலம். பெர்ன்ஹில் பக்கத்து பங்களாக்கள்ல இருந்து துரைசானிங்க தோட்டத்துக் குருவிக்குத் தீனி வாங்க வருவாங்க. குருவிக்குப் போய்க் காசு கொடுக்கறாங்களேன்னு எனக்குச் சிரிப்பா வரும். அவரு சிரிக்க மாட்டாரு. மூட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியில கிடக்கற தினையை அள்ளி, மோந்து, ரெண்டு மணியைக் கடிச்சுப் பார்த்துட்டுத்தான் அளப்பாரு. மலைப் பனிக்குத் தானியம் சீக்கிரம் மக்கிரும். "மக்கினதைத் தின்னா குருவி செத்துப்போயிரும் புள்ள. நம்மளாட்டம் மூஞ்சியைச் சுளிச்சுத் தள்ளி வெக்க அதுக்குத் தெரியாது"ம்பாரு. துரைசானிங்களைப் பார்த்து எங்க ஊட்டு ஜன்னலுக்கு வெளியேயும் ஒரு தட்டு வெச்சாரு. தினைக்குச் சிட்டுக்குருவி வரும், வாழைப்பழத்துக்குக் கொண்டைக்குருவி வரும்.

அப்படியாப்பட்ட மனுசனைப் பக்கவாதம் சாய்ச்சிருச்சு. வலது கை போச்சு, பேச்சும் போச்சு. கடை கொழுந்தனார் கைக்குப் போச்சு. இவரு ஜன்னலோரம் உக்காந்து வெறுந்தட்டையே பார்த்துட்டிருப்பாரு. "மனசு தெம்பானா பேச்சு வந்தாலும் வரும்"னு வைத்தியர் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டேன். தொழுகையிலயெல்லாம் அதேதான் கேட்டேன். என்னைத் திட்டறதுக்காச்சும் அவரு வாயைத் திறக்கட்டும், யா அல்லா!

குருவி வந்தா மனசு தெளியுமேன்னு நம்ம கடையில இருந்து தினை வரவழைச்சு அவரு மடியில வெச்சேன். இடது கையால அள்ளி மோந்தாரு. அப்படியே தரையில கொட்டிட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம்! "ஏனுங்க, குருவிக்குத்தானுங்க! ராஜாவுக்கா விருந்து வெக்கறோம்?"னு கத்திட்டே கூட்டி அள்ளினேன். அப்பத்தான் எனக்கும் அந்த மக்கல் வாடை அடிச்சது.

நேரா கடைக்குப் போய்க் கேட்டேன். "குருவிக்குத்தானே மதினி"ன்னு கொழுந்தனார் சிரிச்சாரு. நான் கத்தின அதே பேச்சு. மூட்டைக்குள்ள கையை விட்டேன். மேலாப்புல நல்ல தினை, அடியில பூராவும் வண்டும் தூசியும். குருவிக்கு மட்டுமா, ஊருக்கே இதைத்தான் அளந்திருக்காரு! இது தெரிஞ்சா எங்க ஊட்டுக்காரர் உசுரே போயிரும்.

முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு எதிர்க்கடைக்குப் போனேன். "என்னங்கம்மா, உங்க கடையில தினைக்குப் பஞ்சமா?"ன்னு கடைக்காரர் கிண்டல் பண்ணினாரு. பண்ணட்டும். முழங்கை வரைக்கும் கையை விட்டு, மோந்து, கடிச்சுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

"நம்ம கடையில புது மூட்டை பிரிச்சாங்க"ன்னு ஒரு பொய்யைச் சொல்லி மடியில வெச்சேன். மோந்தாரு. கடிச்சாரு. கீழே கொட்டலை. தட்டுல போட்டதும் சிட்டுக்குருவிங்க வந்து மொய்ச்சிருச்சு. அவரு அதுங்களையே பார்த்துட்டிருந்தாரு. அப்புறம் என் பக்கம் திரும்பினாரு. உதடு கோணிக் கோணி அசைஞ்சுது.

"இது... நம்ம கடை... இல்ல."

நான் மாசக்கணக்கா ஏங்கிக் கிடந்த குரல். அது இந்த வார்த்தையோடவா வரணும்? மறுபடி பொய் சொல்ல எனக்கு வாய் வரலை. "இல்லீங்க, நம்ம கடை இல்லீங்க"ன்னு சொல்லி அவரு மடியில தலையை வெச்சு, பேச்சு வந்த சந்தோசத்துல அழறேனா, வந்த பேச்சை நெனச்சு அழறேனான்னு தெரியாமயே அழுதேன்.