அம்மா பேசும் கை

என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. வீட்டில் எல்லாப் பேச்சும் சைகையில்தான். போன வருடம் அம்மாவின் வலது கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்து வீங்கி, டப்பா மூடியைக்கூடத் திறக்க முடியாமல் போனது. அடையாறில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் மூட்டுக்குள் ஊசி போட்டார். விரலையும் மணிக்கட்டையும் அசையவிடாத பட்டை ஒன்றை மாட்டிவிட்டு, "கொஞ்ச நாளைக்கு அம்மா கைக்கு முழு ரெஸ்ட் குடுக்கணும்மா" என்றார்.

"டாக்டர், அவங்க பேசுறதே அந்தக் கையாலதான்."

அவர் பட்டையின் இறுக்கத்தைச் சரிபார்த்தார். "அப்போ, முடிஞ்ச வரைக்கும் கம்மியா பேசச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அம்மா இடது கையால் ஒற்றைச் சொல்லாகப் பேசினாள். மாலையில் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும் அம்மாவும் அப்பாவும் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு நாள், மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆதம்பாக்கத்துக்குப் போகலாம் என்று அப்பா சொன்னார். அம்மா பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு கைகளாலும் சண்டை போட்டாள். வலியில் முகம் கோணியது. அப்பா பதறிப்போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். வலிக்குமே என்றுதான் பிடித்தார். அம்மாவுக்கோ அது வாயைப் பொத்தியது போலாகிவிட்டது. உதறிக்கொண்டு, கண்ணீர் வழிய, சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்தாள். அப்பா குறுக்கிடவே இல்லை.

வீடு மாறவில்லை. ஆனால் வீக்கம் திரும்பிவிட்டது. டாக்டர் இப்போது ஆபரேஷன் என்கிறார். கையில் கட்டு எத்தனை வாரம் இருக்கும் என்றுதான் அம்மா என்னைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.